நான்கு கையகல இடம்: டயர்ப் பிடிப்பு வளர்ந்த வரலாறு

ஒரு காரின் பெருமையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் எஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். எத்தனை குதிரைத்திறன், எத்தனை வினாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்றுதான் கேட்பார்கள். ஆனால் எஞ்சின் தரையைத் தொடுவதில்லை. அதன் திறன் முழுவதும் நான்கு டயர்களின் வழியாகவே சாலையை அடைய வேண்டும். காரை நிறுத்துவதும் திருப்புவதும் அதே டயர்கள்தாம்.

அந்த நான்கு டயர்களும் சாலையைத் தொடும் பரப்பு எவ்வளவு? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்றின் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 375 கிலோகிராம் சுமையைத் தாங்குகிறது. டயருக்குள் காற்றழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.1 கிலோகிராம் என்று கொள்வோம். சுமையை அழுத்தத்தால் வகுத்தால் சுமார் 180 சதுர சென்டிமீட்டர் கிடைக்கிறது. டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் இந்த அளவு சற்றே மாறக்கூடும். எனினும் நம் அஞ்சலட்டை ஒன்றின் பரப்பு 126 சதுர சென்டிமீட்டர் என்பதை எண்ணிப் பாருங்கள். அதைவிடக் கொஞ்சம் பெரிய இடம், அவ்வளவுதான். இத்தகைய நான்கு கையகல இடங்களை நம்பித்தான் ஒரு குடும்பமே மழையில் விரைகிறது.

ஆற்றல் மிகுந்த எஞ்சின்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியது முதலில். அவற்றுக்கு ஈடான டயர்கள் வந்து சேர்ந்தது பிறகு. இந்த இடைவெளியின் கதைதான் டயர் வரலாற்றின் பெரும்பகுதி. நல்ல டயரைக் குறைந்த விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற இன்றைய கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது.

காற்றின் மேல் ஒரு பயணம்

1839-ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருப்பதைக் கண்டார். வல்கனைஸ் செய்தல் எனப்படும் இந்த முறை இல்லாவிட்டால் டயர் என்ற பொருளே பிறந்திருக்காது.

1845-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர், காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பூசிய துணிக் குழாயைத் தோலுறைக்குள் வைத்துக் குதிரை வண்டிச் சக்கரங்களில் பொருத்தினார். 1847-இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் அந்த வண்டி ஓடியும் காட்டியது. ஆனால் அப்போது சைக்கிளும் பரவவில்லை. மோட்டார் காரும் பிறக்கவில்லை. தேவை தோன்றுவதற்கு முன்பே வந்த கண்டுபிடிப்பை உலகம் மறந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து, பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கற்கள் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வேண்டும் என்று எண்ணினார். 1888-இல் அவர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தாம்சன் முந்திக்கொண்டது பின்னர் தெரிய வந்ததால் அந்த உரிமை செல்லாமற் போயிற்று. ஆனால் இம்முறை கண்டுபிடிப்பு மறையவில்லை. சைக்கிள் அதை உலகெங்கும் கொண்டு சென்றது.

காருக்கு அதைக் கொண்டு வந்தவர்கள் பிரான்சின் மிஷ்லான் சகோதரர்கள். 1895-இல் நடந்த பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் ஆந்த்ரே, எதுவார் இருவரும் காற்று டயர் பூட்டிய காரில் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தொலைவைக் கடந்தார்கள். வழியில் டயர்கள் எண்ணற்ற முறை காற்றிழந்தன. பரிசு கிடைக்கவில்லை. ஆனாலும் காற்று டயரில் கார் ஓட முடியும் என்பது நிலைநாட்டப்பட்டது.

இதுவரை டயரிடம் கேட்கப்பட்டது குலுங்காத பயணம் மட்டுமே. சாலையைப் பற்றிக்கொள்ளும் திறனைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. அந்தக் காலத்துக் கார்களின் வேகத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளை டயர் கறுத்த கதை

தொடக்க கால டயர்கள் கறுப்பாக இருக்கவில்லை. ரப்பரின் இயல்பான நிறமும், அதனுடன் சேர்த்த துத்தநாக ஆக்சைடும் அவற்றை வெளுப்பாக வைத்திருந்தன. 1904-ஆம் ஆண்டு வாக்கில், லண்டனை அடுத்த சில்வர்டவுன் தொழிற்சாலையில் மோட் என்பவர், நுண்ணிய கரித்தூளை ரப்பருடன் கலந்தால் அதன் உறுதி பெரிதும் கூடுவதைக் கண்டறிந்தார். கரித்தூள் சேர்ந்த டயர், சேராத டயரைவிடப் பன்மடங்கு நாள் உழைத்தது. 1910-களில் இப்பழக்கம் பரவியது. அன்று முதல் டயரின் நிறம் கறுப்பாயிற்று.

இந்த டயர்களுக்கான ரப்பர் எங்கிருந்து வந்தது? 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து எடுத்துச் சென்ற ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, அங்கிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் நாற்றுகளாகச் சென்றன. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களின் கைகள். அமெரிக்க, ஐரோப்பியச் சாலைகளில் தேய்ந்த ரப்பரில் அவர்களின் உழைப்பும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

குறுக்கு நூலும் ஆர நூலும்

டயர் ரப்பரால் மட்டும் ஆனதன்று. அதன் உள்ளே நூல் அடுக்குகள் உள்ளன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குபவை அவைதாம். பழைய டயர்களில் இந்நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்வாகச் சென்றன. அடுத்த அடுக்கின் நூல்கள் எதிர்ச் சாய்வில் அவற்றைக் குறுக்கே வெட்டின. கட்டில் கயிறு போல ஒன்றை ஒன்று குறுக்கிடும் இவ்வமைப்பு உறுதியானது. ஆனால் ஒரு பெருங்குறை இருந்தது. பக்கச்சுவரும் தரையைத் தொடும் பகுதியும் ஒரே அமைப்பாக இருந்தமையால், பக்கச்சுவர் வளையும்போதெல்லாம் தரையைத் தொடும் பகுதியும் நெளிந்தது. வளைவில் வேகமாகத் திரும்பினால் டயரின் ஒரு பக்கம் தரையை விட்டு எழ முயலும். நூல்கள் உராய்ந்து டயர் சூடேறும்.

மிஷ்லான் நிறுவனத்தில் மாரியஸ் மிஞோல் என்பவர் பணியாற்றினார். அங்குள்ள அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் ஆராய்ச்சிப் பகுதிக்கு வந்தவர். டயர் எந்தப் பகுதியில் சூடேறுகிறது என்று அறிய, பக்கச்சுவரில் நூல் அடுக்குகளைக் குறைத்து, ஆரைகளைப் போல நேராகச் செல்லும் உலோகக் கம்பிகளை இடைவெளி விட்டு அமைத்து ஒரு சோதனை டயர் செய்தார். பார்வைக்கு அது ஈக்கூண்டு போல இருந்ததால் அப்பெயராலேயே அழைக்கப்பட்டது. அந்த ஈக்கூண்டு டயர் வியக்கத்தக்க அளவு குறைவாகச் சூடேறியது.

அதன் மேல் தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டை ஒன்றைச் சுற்றினார்கள். இனிப் பக்கச்சுவர் தன் விருப்பம்போல் வளையலாம். பட்டையோ தரையில் தட்டையாகப் படிந்திருக்கும். இதுவே ரேடியல் டயர். 1946-இல் காப்புரிமை பெறப்பட்டு, 1949-இல் ‘எக்ஸ்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சித்ரோயென் கார் நிறுவனம் 1930-களின் நடுப்பகுதியிலிருந்து மிஷ்லான் வசம் இருந்ததால், புதிய டயருக்கு ஏற்ற கார்களும் உடனே கிடைத்தன. இத்தாலியின் பிரெல்லி நிறுவனம் 1950-களில் துணிப் பட்டை கொண்ட ‘சின்டுராட்டோ’ என்ற ரேடியல் டயரை வெளியிட்டது. ஐரோப்பாவில் சாலைப் பிடிப்பு என்பது டயரின் முதற்பண்பாக மாறத் தொடங்கியது.

மலிவான திறன், மெலிந்த டயர்

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நிலைமை வேறாக இருந்தது. 1964-ஆம் ஆண்டு மாதிரியாக அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ. என்ற காரை வெளியிட்டது. நடுத்தர அளவுள்ள, அதிக விலையில்லாத ஒரு காரில் பெரிய காருக்குரிய 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியதுதான் அதன் சிறப்பு. 325 குதிரைத்திறன் கொண்டது என்று விளம்பரம் செய்தார்கள். இது எஞ்சினைத் தனியே மேசையில் ஏற்றி அளந்த கணக்கு. வண்டியில் கிடைப்பது இதைவிடக் குறைவு. இருந்தாலும் அக்காலத்துக்கு அது பேராற்றல். ஏறத்தாழ 300 டாலர் கூடுதலாகக் கொடுத்தால் இந்த எஞ்சின் கிடைத்தது. முதலாண்டிலேயே 32,000-க்கும் மேற்பட்டவை விற்றன. மற்ற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. இளைஞர்கள் எட்டக்கூடிய விலையில் பந்தயக் காரின் ஆற்றல் தெருவுக்கு வந்தது.

டயர்? அது குறுக்கு நூல் அமைப்புக் கொண்ட, குறுகலான பழைய டயர்தான். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள்தாம். முடுக்கியை முழுவதும் மிதித்தால் பின் டயர்கள் சுழன்று புகைந்தன. அந்தப் புகையைக் கண்டு கூட்டம் ஆரவாரம் செய்தது. ஆனால் அறிவியல் நோக்கில் பார்த்தால் அந்தப் புகையின் பொருள் என்ன? எஞ்சின் கொடுத்த ஆற்றலைச் சாலைக்குக் கடத்த டயரால் இயலவில்லை என்பதே. புறப்படும்போது காரை இழுக்க முடியாத டயர், நிறுத்தும்போதும் அதே அளவுதான் உதவும் என்பதைப் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

அமெரிக்க டயர் ஆலைகள் அனைத்தும் பழைய முறைக்காக அமைக்கப்பட்டவை. ரேடியலுக்கு மாறுவதென்றால் பெரும் பொருட்செலவில் புதிய இயந்திரங்கள் வேண்டும். எனவே 1967-இல் குட்இயர் நிறுவனம் ஓர் இடைவழியைத் தேடியது. பழைய குறுக்கு நூல் டயரின் மேல் கண்ணாடியிழைப் பட்டை ஒன்றைச் சேர்த்தது. பழைய இயந்திரங்களிலேயே செய்ய முடிந்த இந்த டயர் சில ஆண்டுகள் பெருமளவில் விற்றது. 1970 வாக்கில் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் ‘ரேடியல் டி/ஏ’ என்ற அகன்ற டயரை ஆற்றல் மிக்க தெருக் கார்களுக்கென்றே கொண்டு வந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எளிதாக உருண்டு எரிபொருளை மிச்சப்படுத்தும் ரேடியலை எவராலும் ஒதுக்க முடியவில்லை.

மாற்றம் விரைவாக நடந்தது, விபத்துகளும் நேர்ந்தன. 1978-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் தன் ‘500’ வகை ரேடியல் டயர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எஃகுப் பட்டை ரப்பரிலிருந்து பிரிந்து வந்ததே காரணம். உயிர்கள் பலியாயின. பெயர் பெற்ற நிறுவனம் என்பது மட்டுமே பாதுகாப்புக்கு உறுதியாகாது என்பதை உலகம் அன்று கற்றுக்கொண்டது.

ரப்பர் ஏன் சாலையைப் பற்றுகிறது?

பள்ளியில் நாம் படித்த உராய்வு விதி ரப்பருக்கு அப்படியே பொருந்தாது. 1963-இல் கே.ஏ. குரோஷ் என்ற ஆய்வாளர், ரப்பரின் உராய்வு அதன் வேகத்தையும் வெப்பநிலையையும் ஒட்டி மாறுவதை விளக்கினார். ரப்பர் சாலையைப் பற்றுவது இரு வழிகளில். ஒன்று, மூலக்கூறுகள் தரைப் பரப்பில் ஒட்டிப் பிரிவது. மற்றொன்று, சாலையின் சிறு கற்களுக்கு மேல் ரப்பர் அமுங்கி எழுவது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் எழும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக வைத்துக்கொள்கிறது. இயற்பியலில் இதற்குத் தயக்கம் என்று பெயர். தயக்கம் மிகுந்த ரப்பர் ஈரச் சாலையிலும் நன்றாகப் பற்றும். ஆனால் அது உருள்வதற்கு அதிக ஆற்றல் கேட்கும். மென்மையான கலவை என்றால் விரைவில் தேயவும் செய்யும்.

ஆக, பிடிப்பு, நீண்ட உழைப்பு, எரிபொருள் சிக்கனம் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகள். ஒரு முனையை நோக்கி நகர்ந்தால் மற்றவை விலகும்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க நாசா நிறுவனத்தின் லாங்லி ஆய்வு நிலையத்தில் வால்டர் ஹார்ன் என்பவர், ஈரமான ஓடுதளங்களில் விமானங்கள் ஏன் வழுக்குகின்றன என்று ஆராய்ந்தார். தேங்கிய நீரின் மேல் டயர் வேகமாகச் செல்லும்போது நீர் விலக நேரமின்றி டயருக்கு அடியில் ஆப்பு போல நுழைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் டயர் தரையை விட்டு எழுந்து நீரின் மேல் மிதக்கிறது. அந்த வேகம் டயரின் காற்றழுத்தத்தின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது என்று அவர் காட்டினார். அவருடைய சூத்திரப்படி, 30 பவுண்டு அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 91 கிலோமீட்டரில் மிதக்கும். 20 பவுண்டாகக் குறைந்தால் 75 கிலோமீட்டரிலேயே மிதக்கத் தொடங்கும். நம் பணிமனைகளில் ‘பட்டன்’ எனப்படும் பள்ளங்கள் நீருக்கு வழிவிட்டு இந்த ஆபத்தைத் தள்ளிப்போடுகின்றன. பட்டன் தேய்ந்த மொட்டை டயருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அகன்ற டயரும் மணலின் உறவும்

1970-களின் நடுவில் பிரெல்லி நிறுவனம் ‘பி7’ என்ற டயரை உருவாக்கியது. பக்கச்சுவர் குட்டையாகவும் தரைப் பகுதி அகலமாகவும் அமைந்த இந்த டயர், போர்ஷே 911 டர்போ போன்ற கார்களில் இடம்பெற்றது. ஆற்றலுக்கு ஈடான டயர் ஒருவாறு வந்துவிட்டது. ஆனால் செல்வந்தர் மட்டுமே வாங்கக்கூடிய விலையில்.

முக்கோணத்தின் பிடியைத் தளர்த்தியது வேதியியல். 1992-இல் மிஷ்லான் நிறுவனம் கரித்தூளின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலந்த டயரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மணலில் உள்ள அதே பொருள்தான் சிலிக்கா. ரப்பருடன் இயல்பாக ஒட்டாத அதைச் சிலேன் என்ற இணைப்புப் பொருள் ஒட்டவைத்தது. ஈரப் பிடிப்பு குறையாமலே உருளும் தடை குறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த உத்தி எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாயிற்று. அன்று செல்வந்தரின் கார்களில் மட்டும் இருந்த பிடிப்பு, இன்று நடுத்தர விலை டயர்களிலும் கிடைக்கிறது. ஆனால் எல்லா மலிவு டயர்களிலும் அல்ல. பிரித்தறிவதுதான் நம் பொறுப்பு.

பக்கச்சுவரைப் படிப்போம்

டயரின் பக்கச்சுவர் ஒரு திறந்த புத்தகம். 205/55 ஆர் 16 91 வி என்று பொறித்திருந்தால், டயரின் அகலம் 205 மில்லிமீட்டர்; பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 55 விழுக்காடு; ‘ஆர்’ ரேடியலைக் குறிக்கும்; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். 91 என்ற எண் அந்த டயர் 615 கிலோகிராம் வரை தாங்கும் என்று சொல்கிறது. இறுதி எழுத்து வேக வரம்பு: ‘டி’ என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், ‘எச்’ 210, ‘வி’ 240, ‘டபிள்யூ’ 270. நான்கு இலக்கங்களாகத் தனியே உள்ள எண் பிறந்த நாளைக் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

அமெரிக்காவில் 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவாக 1979 முதல் மேலும் மூன்று குறிகள் சேர்ந்தன. முதலாவது தேய்மான எண். டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய 640 கிலோமீட்டர் நீளமுள்ள சாலைச் சுற்றில் டயர்களை ஓட்டி, அளவுகோல் டயர் ஒன்றோடு ஒப்பிட்டு இவ்வெண் இடப்படுகிறது. எண் இரு மடங்கானால் உழைப்பும் ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இந்த மதிப்பை இடுபவர் டயர் தயாரிப்பாளரே. ஆகவே ஒரே நிறுவனத்தின் டயர்களை ஒப்பிட இது பெரிதும் உதவும். வெவ்வேறு நிறுவனங்களை ஒப்பிட அவ்வளவு உதவாது. இரண்டாவது ஈரச் சாலையில் நிற்கும் திறன். மூன்றாவது வெப்பத்தைத் தாங்கும் திறன். ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் ஈரப் பிடிப்பு, எரிபொருள் சிக்கனம், ஒலி ஆகியவற்றைக் காட்டும் சீட்டை ஒவ்வொரு டயருக்கும் கட்டாயமாக்கியது.

எதில் சிக்கனம் செய்யலாம்?

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆற்றல் மிக்க கார் ஒன்று உள்ளது. கையில் பணம் அளவாக உள்ளது. எதை விட்டுக்கொடுப்பது?

மீண்டும் ஒரு கணக்கு. இரண்டு கார்கள் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடுத்தடுத்த தடங்களில் செல்கின்றன. ஒன்றின் டயர் உராய்வு எண் 0.9, மற்றதில் 0.6. இருவரும் ஒரே கணத்தில் பிரேக்கை அழுத்துகிறார்கள். முதல் கார் ஏறக்குறைய 44 மீட்டரில் நின்றுவிடும். இரண்டாவது காருக்கு 66 மீட்டர் வேண்டும். வேறுபாடு 22 மீட்டர்தானே என்று தோன்றலாம். ஆனால் முதல் கார் நின்ற அதே இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது காரின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர்! அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் கொண்டது என்பது இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆகவே விட்டுக்கொடுக்கத் தக்கது தேய்மான எண். பிடிப்புள்ள டயர் சற்று விரைவில் தேய்ந்தால் தேயட்டும். பெரிய ரிம்மையும் விட்டுக்கொடுக்கலாம். கார் தயாரிப்பாளர் அனுமதித்த சிறிய ரிம்மில் அதே தரமுள்ள டயர் பெரும்பாலும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். பெயரின் பகட்டையும், ஒரு வேகத்துக்கு மேல் நாம் ஒருபோதும் பயன்படுத்தாத பந்தயத் தகுதியையும் விட்டுக்கொடுக்கலாம்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை: ஈரப் பிடிப்பு, காருக்குக் குறித்த சுமை எண், குறித்த வேக எழுத்து, டயரின் வயது. நான்கும் ஒரே வகையாக இருத்தல் நலம். பட்டன் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையும் வரை காத்திருக்கவும் கூடாது. பள்ளத்தின் அடியிலுள்ள சிறு மேடுகள் மேற்பரப்பைத் தொட்டுவிட்டால் டயரின் காலம் முடிந்தது. காற்றழுத்தத்தை அளந்து பார்ப்பதற்கோ செலவே இல்லை. ஹார்னின் சூத்திரம் நமக்குச் சொல்லித் தந்த மிக மலிவான பாதுகாப்பு அது.

தாம்சன் தம் தோல் டயரை ஓட்டிக் காட்டியதிலிருந்து ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. எஞ்சின்களின் ஆற்றல் எத்தனையோ மடங்கு பெருகிவிட்டது. ஆனால் அந்த ஆற்றல் சாலையைச் சந்திக்கும் இடம் இன்றும் நான்கு கையகலம்தான். அடுத்த முறை காரில் ஏறும் முன் ஒரு நிமிடம் குனிந்து அந்த நான்கு இடங்களையும் பாருங்கள்.